வீட்டில் ஒரு பிராணவாயுக் கருவி

2021-ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் செறிவூட்டி என்னும் கருவி நம் இல்லங்கள் பலவற்றில் நுழைந்தது. நுரையீரல் நலிந்த முதியோர் சிலருக்கு இன்றும் அதுவே துணை.

இக்கருவி பிராணவாயுவை உண்டாக்குவதில்லை. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். 21 விழுக்காடே பிராணவாயு. கருவி அறைக்காற்றை இழுத்து, அழுத்தி, சியோலைட் என்னும் பொருளின் வழியே செலுத்துகிறது. சியோலைட் நைட்ரஜனைப் பற்றிக்கொள்ள, ஏறத்தாழ 90 விழுக்காட்டுப் பிராணவாயு வெளிவருகிறது. சியோலைட் நீராவியையும் ஈர்க்கும். ஈரமேறினால் அதன் ஆற்றல் குன்றும். தொழிற்பேட்டையும் கடற்காற்றின் ஈரமும் உள்ள தட்டாஞ்சாவடியில் இதனை மறக்கலாகாது.

பேணும் முறைகள் வருமாறு:

1. காற்று வடிகட்டியை வாரந்தோறும் சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்ந்த பின்னரே பொருத்துக.

2. சுவரையும் திரையையும் ஒட்டிக் கருவியை வைக்கலாகாது.

3. ஈரப்பதக் குடுவையில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, நாள்தோறும் மாற்றுக.

4. பிராணவாயு தானே எரியாது, எரிவதை மூர்க்கமாக்கும். எனவே அவ்வறையில் குத்துவிளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி, பீடி எதுவும் கூடாது.

5. வாயுவின் அளவை மருத்துவர் சொல்லாமல் கூட்டலாகாது. சில நோயாளிகளுக்கு மிகுதியான பிராணவாயு இரத்தத்தில் கரியமில வாயுவைப் பெருக்கிவிடும்.

6. கையில் எடுத்துச் செல்லும் வகைக்கு மின்கலத்தை எப்போதும் நிரப்பி வைக்க வேண்டும். பெரிய கருவியாயின் மின்தடைக்கு ஒரு சிலிண்டர் தேவை.

இவற்றைச் செய்ய மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் மாணவர் ஒருவரே பொறுப்பேற்கலாம்.