உளி பிடித்த கைக்கு நாற்காலியும் வரும்

சென்னையில் இன்டீரியர் ஸ்டுடியோக்களுக்கு ஆள் தேடிக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு முறையும் ஒரே சிக்கல். டிசைன் படித்துவிட்டு வருகிறவர் லேப்டாப்பில் நாற்காலியைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறார். தேக்கா, வாகையா, ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் பதில் வராது. கள்ளக்குறிச்சியிலிருந்தோ அரும்பாவூரிலிருந்தோ வருகிறவர் மரத்தைத் தடவிப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுகிறார். ஸ்கேல் போட்டு ஒரு டிராயிங் கொடுங்கள் என்றால் தயங்குகிறார். இரண்டும் தெரிந்த ஆள் வந்தால் சம்பளப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த ஆளாக நீங்கள் மாறுவதற்கான வழிகள் இவை.

1. பூவேலையை விடுங்கள், வேலை முறையை எடுங்கள்

நம் ஊரில் பலர் சறுக்குவது இங்கேதான். செட்டிநாட்டுக் கதவில் இருக்கும் யாளியையும் கொடியையும் எடுத்து சோபாவின் தலையில் ஒட்டுவார்கள். அதை ‘ஃப்யூஷன்’ என்று விற்பார்கள். பக்கத்துக் கடையிலும் அதே சோபா இருக்கும்.

சிற்பி இசாமு நொகுச்சி 1951-ல் ஜப்பானில் கிஃபு ஊருக்குப் போனார். காகித விளக்குக் கூடு செய்வதில் பேர்போன ஊர் அது. அங்கே கைவினைஞர்கள் மரத்தால் ஆன அச்சின் மேல் மூங்கில் பட்டையைச் சுற்றிக்கொண்டே போவார்கள். அதன் மேல் காகிதத்தை ஒட்டுவார்கள். காய்ந்ததும் உள்ளே இருக்கும் அச்சை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி எடுத்துவிடுவார்கள். நொகுச்சி கூட்டின் மேல் இருந்த பூ ஓவியத்தைத் தொடவில்லை. சுற்றும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் சிற்ப வடிவங்களுக்கு அச்சு செய்யச் சொன்னார். உள்ளே மின்விளக்கு வந்தது. ‘அகாரி’ என்று பெயர் வைத்தார். இன்றும் அந்த விளக்குகள் கிஃபுவில் கையால்தான் தயாராகின்றன. இதே நொகுச்சி 1927-ல் பாரிஸில் சிற்பி பிரான்குசியிடம் உதவியாளராக இருந்தவர். அந்தப் பிரான்குசி, தொழிற்பள்ளியில் மரவேலை படித்துவிட்டுச் சிற்பத்துக்கு வந்தவர்.

உதாரணத்துக்கு ஜப்பான் வரை போகவும் வேண்டாம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் போன்ற கைத்தொழிலைச் செய்து விற்றுத்தான் வயிற்றைக் கழுவினார்கள். சிற்பி பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து உருவங்கள் செய்தார். சாமிக்குக் கவசம் அடிக்கிறவர்களின் கைவேலை அது. உங்கள் குடும்பத்தில் யாராவது கவசம் அடிக்கிறார்களா? அப்படியென்றால் ஒரு டேபிள் பேஸ், ஒரு சுவர் விளக்கு, ஒரு கதவுப் பிடி செய்யத் தேவையான தொழில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

2. மெஷினோடு அதன் களத்தில் மோதாதீர்கள்

சிஎன்சி ரௌட்டர் வந்தாகிவிட்டது. பலகையில் செதுக்கும் தட்டையான பூவேலையை அது சில மணி நேரத்தில் முடித்துவிடும். விலையிலும் வேகத்திலும் உங்களால் அதை வெல்ல முடியாது. ஆனால் சாதாரண மூன்று அச்சு (3-axis) ரௌட்டர் மேலிருந்துதான் வெட்டும். உட்பக்கமாகக் குடைந்து போகும் வளைவு அதற்கு எட்டாது. அரும்பாவூரில் ஒரே கட்டையில் முழு உருவத்தைக் கடைந்தெடுப்பார்கள். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. அந்தக் கை உங்களுக்கு இருந்தால், நாற்காலிக் கையின் அடிப்பக்கம் விரல் பதியும் இடத்தைக் குடையுங்கள். உட்காருகிறவர் கை வைத்த உடனே தெரிந்துகொள்வார். நேர் வெட்டு, மொத்த வெட்டு எல்லாவற்றையும் மெஷினுக்கே விட்டுவிடுங்கள். உங்கள் நேரம் மிச்சம்.

3. உடம்பை அளக்கப் பழகுங்கள்

சிலையை மக்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். நாற்காலியில் உட்காருவார்கள். ஒரு திறமையான இளைஞர் என்னிடம் தன் சிம்மாசனத்தைக் காட்டினார். செதுக்கு அபாரம். உட்கார்ந்ததும் அதில் செதுக்கியிருந்த மயிலின் அலகு என் தோள்பட்டைக்குக் கீழே குத்தியது. இரண்டு நிமிடம் தாங்கவில்லை. அன்று இருந்த கிளையன்ட்டும் அப்படித்தான் எழுந்தார். ஆர்டர் கைவிட்டுப் போயிற்று.

அளவுகளை மனப்பாடம் செய்யுங்கள். சாப்பாட்டு நாற்காலியின் இருக்கை உயரம் 42 முதல் 45 செ.மீ. ஆழம் 40 முதல் 43. மேஜை உயரம் 75-ஐ ஒட்டி. முதுகுச் சாய்வு நேராக நின்றால் வலிக்கும். 100 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். நல்ல மரத்தில் கை வைக்கும் முன், மலிவு பிளைவுட்டில் முழு அளவில் ஒன்று அடியுங்கள். உயரமானவர், குட்டையானவர், மூட்டுவலி உள்ள பாட்டி என்று மூன்று பேரை உட்கார வைத்துப் பாருங்கள். பாட்டி எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார் என்று கவனியுங்கள். கைப்பிடியின் உயரத்தை அவர் சொல்லிக் கொடுப்பார்.

சிற்பம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு அனுகூலம் உண்டு. சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் தென்னோலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு எடுப்பார்கள். ஒடியோலை என்பது அதற்குப் பெயர். முகம், மார்பு, முழங்கால் எல்லாமே அந்த ஒரே கீற்றின் மடிப்பிலிருந்து வரும். நாற்காலியின் முழு உயரத்துக்கு ஒரு கீற்று நறுக்கிக்கொள்ளுங்கள். இருக்கை எங்கே, சட்டத்தின் கனம் எவ்வளவு, கால் எங்கிருந்து சிறுக்க வேண்டும் என்று மடித்துப் பாருங்கள். உடம்பு கேட்கும் அளவை மாற்றாதீர்கள். மற்றதை ஓலை முடிவு செய்யட்டும். கால் பார்க்கக் கட்டையாக இருக்கிறது, மெலிவாக இருக்கிறது என்ற குறை அதற்குப் பிறகு பெரும்பாலும் வராது. இதை இன்டர்வியூவில் செய்து காட்டுங்கள். சாஃப்ட்வேர் மட்டும் தெரிந்த போட்டியாளரிடம் இது இருக்காது.

4. டிகிரி இருந்தாலும் ஒருவரிடம் எடுபிடியாக இருங்கள்

மரச் சாமான் வடிவமைப்பாளர் ஜார்ஜ் நகாஷிமா எம்ஐடியில் ஆர்க்கிடெக்சர் படித்தவர். 1930-களின் கடைசியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ கட்டட வேலைக்காக வந்து தங்கினார். அதற்கான மரச் சாமான்களையும் அவர்தான் வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அவரும் ஐடஹோ முகாமுக்குப் போக நேர்ந்தது. அங்கே ஜப்பானிய முறையில் தேர்ந்த ஒரு தச்சரிடம் கைக்கருவிகளைப் பழகினார். பின்னாளில் மரத்தின் வெடிப்பை மறைக்காமல், குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத் துண்டைப் பதித்துப் பிடித்து நிறுத்தும் வேலையே அவருடைய முத்திரை ஆனது. எம்ஐடி பட்டதாரி ஒரு தச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது அது.

நீங்கள் டிசைன் பக்கமிருந்து வருகிறீர்களா? பட்டறைக்கு லேப்டாப்போடு போகாதீர்கள். ‘ஐயா, மூன்று மாதம் கூட இருக்கிறேன்’ என்று கேளுங்கள். உளியைத் தீட்டக் கொடுத்தால் தீட்டுங்கள். சாம்பிள் செய்யச் சொன்னால் அதற்குக் கூலி கொடுங்கள். போர்ட்ஃபோலியோவில் ஆசாரியின் பெயரைப் போடுங்கள். அது அவருக்குரிய மரியாதை. அடுத்த ஆர்டரில் உங்கள் வேலையை அவர் முதலில் எடுப்பார் என்ற லாபமும் உண்டு.

5. ஈரப்பதம்

மாய்ஸ்சர் மீட்டர் வாங்குங்கள். ஆள் தேடிக் கொடுப்பதோடு நிற்காமல் நானே இறங்கிப் பட்ட பாடு இது: ஒரு கிளையன்ட்டுக்காக வாகைப் பலகையில் மேஜை செய்து, மேல்பலகையைச் சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கிக் கொடுத்தோம். நாள் முழுக்க ஏசி ஓடும் அறை. இரண்டு மாதத்தில் நடுவே நீளமாகப் பிளந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கி விரியும். ஏசி அறைக்குப் போகும் மரம் 8 முதல் 10 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். ஸ்க்ரூ துளையை நீளவாக்கில் விட்டால் பலகை நகர இடம் கிடைக்கும்.

6. போஸ்ட் போடும் முன் பதிவு

பலருக்குத் தெரியாத விஷயம். சிற்பம் கலைப்படைப்பு, அதற்குக் காப்பிரைட் தானாகவே வரும். நாற்காலி அப்படி இல்லை. டிசைன்ஸ் சட்டம் 2000-இன் கீழ் பதிய வேண்டும். முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. விண்ணப்பிக்கும் முன்பே இன்ஸ்டாகிராமில் படம் போட்டுவிட்டால் அது ‘புதிய டிசைன்’ என்ற தகுதியை இழக்கிறது. பதியக்கூடிய டிசைனைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் எடுத்தால் காப்பிரைட்டும் போய்விடும். அதனால் முதலில் விண்ணப்பம், பிறகு ரீல்ஸ். பில் போடும்போதும் கவனம்: ஒரிஜினல் சிற்பத்துக்கு வரிக் குறியீடு 9703, நாற்காலிக்கு 9401, மேஜைக்கு 9403. மாற்றிப் போட்டால் ஆடிட்டரிடம் ஓட வேண்டிவரும்.

7. நாள் கூலியிலிருந்து வெளியே வாருங்கள்

டிராயிங்குக்குத் தனி விலை, செய்வதற்குத் தனி விலை. கொட்டேஷனில் இரண்டு வரியாகக் காட்டுங்கள். 50 சதவீத அட்வான்ஸ் வராமல் மரம் வாங்காதீர்கள். சிற்பிகள் வெண்கலத்தில் எண்ணிட்டு எடிஷன் போடுவதுபோல நாற்காலிக்கும் போடுங்கள்: எட்டு மட்டும், அடியில் எண்ணும் கையெழுத்தும். கருவி வாங்கக் கடன் வேண்டுமென்றால், 25 கைத்தொழில்களுக்காக 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

8. முதல் ஆறு மாதம்

பெரிய கட்டில், ஊஞ்சல் என்று போகாதீர்கள். ஒரு ஸ்டூல் செய்யுங்கள். மூன்று கால் போதும், மேடுபள்ளமான தரையிலும் ஆடாது. ஆணி அடிக்காதீர்கள், மரத்தோடு மரத்தைக் கோத்து நிறுத்துங்கள். இருக்கையை உளியால் குடைந்து பள்ளம் எடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுங்கள்: டிராயிங், அட்டை மாடல், இணைப்பின் க்ளோசப், யாராவது உட்கார்ந்திருக்கும் படம். முதல் ஸ்டூலை வீட்டில் எல்லாரும் உட்காரும் இடத்தில் போட்டு மூன்று வாரம் பாருங்கள். எந்த இணைப்பு ஆடுகிறது, எங்கே தொடையில் உறுத்துகிறது என்று எழுதிக்கொண்டு இரண்டாவதைச் செய்யுங்கள். மூன்றாவதுதான் போர்ட்ஃபோலியோவுக்கு. இன்டர்வியூவுக்குப் போகும்போது அதைக் கையிலேயே எடுத்துப் போங்கள். பேச்சைத் தொடங்கும் முன், எதிரில் இருப்பவரை அதில் உட்காரச் சொல்லுங்கள்.