வடக்கிலிருந்து வந்த பிள்ளையும் நமது தமிழ் வகுப்பும்

கோவை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை நூற்பாலைகளும் மோட்டார் பம்புகளும்; திருப்பூர் என்றால் பனியன். முன்பு இந்த ஆலைகளுக்கு வேலை தேடி வந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்தினரும் தென் மாவட்டத்தினரும் ஆவர். இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் பெருந்தொகையாக இங்கே உழைக்கின்றனர். முதலில் இளைஞர்கள் தனியே வந்தார்கள். பிறகு சிலர் மனைவி மக்களையும் அழைத்து வந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் படிப்பு என்னவாகிறது? அதைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

பிற மொழியினர் வருவது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக இங்கே வாழ்கின்றன. தாளவாடி மலைப்பகுதியில் கன்னட வழிப் பள்ளிகளே உள்ளன. ஆனால் அக்குடும்பங்கள் தமிழை நிதானமாக, தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்டன. பன்னிரண்டு வயதில் ரயிலிலிருந்து இறங்கும் பிள்ளைக்கு அந்த அவகாசம் ஏது?

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடம் ஆக்கியது. 2006-07இல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அடியிலிருந்து படிப்படியாக ஏறி வரும் பிள்ளைக்கு இந்த ஏணி பொருத்தமே. ஏழாம் படியில் வந்து நிற்பவள் என்ன செய்வாள்? மொழிச் சிறுபான்மை மாணவருக்குத் தமிழ்த் தேர்விலிருந்து நீதிமன்றங்கள் விலக்கு அளித்ததுண்டு. ஆயினும் தமிழ் வழிப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் தமிழில்தானே நடக்கின்றன!

இவ்விடத்தில் துணைக்கு வருவது 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று அது கூறுகிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்க மறுக்கக் கூடாது. இதில் நமக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வயதுக்கேற்ற வகுப்பு என்பதே. தமிழ் தெரியாத குற்றத்துக்காகப் பதினொரு வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்புச் சிறுவர்களோடு உட்கார வைத்தால், அவள் எழுத்தைக் கற்குமுன் வெட்கத்தைக் கற்றுவிடுவாள். சில நாளில் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுவாள்.

தமிழை அவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது? இங்கேதான் சுவையான செய்திகள் உள்ளன. இந்தியில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள். நமக்கோ ஒரே 'க'. கடல், பகல், தங்கம் மூன்றிலும் அதன் ஒலி வேறுபடுவதை நாம் கவனிப்பதே இல்லை. இந்தி பேசும் பிள்ளை கவனித்துத் திகைக்கிறது. ல, ள வேறுபாட்டில் இந்திப் பிள்ளை தடுமாறும். ஒடியாப் பிள்ளைக்கு அது எளிது, ஏனெனில் ஒடியாவிலும் ளகரம் உண்டு. (ழகரத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அது நம்மவரையே இடறி விடுகிறது.) வாக்கிய அமைப்போ மிகவும் எளிது. 'நான் தண்ணீர் குடித்தேன்' என்பதை இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் இதே வரிசையில்தான் சொல்வார்கள். ஆகவே அவர்களுக்கு ஆங்கில வாக்கியத்தைவிடத் தமிழ் வாக்கியம் நெருக்கமானது. இதை அறிந்த ஆசிரியருக்குப் பாதி வேலை குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தெருவில் அப்பிள்ளை கேட்பது "வாங்கண்ணா, சரிங்க" என்னும் நமது கொங்குத் தமிழ்; புத்தகத்திலோ "வாருங்கள் அண்ணா". ஒரு தமிழைக் கற்க வந்த பிள்ளைக்கு இரண்டு தமிழ் எதிர்ப்படுகிறது! முதலில் பேச்சுத் தமிழ், பிறகு புத்தகத் தமிழ் என்று போவதே முறை என்பது நமது எண்ணம்.

அதற்காகத் தாய்மொழியை விட்டுவிடச் சொல்லலாமா? கூடாது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு வசதி செய்து தர வேண்டும் என்று 1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. சென்னையை அடுத்த செங்கற்சூளைகளில் ஒடிசாப் பிள்ளைகளுக்கு அவர்கள் மாநிலத்துப் புத்தகங்களையே வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களைக் கொண்டு பாடம் நடத்தியிருக்கிறார்கள். அண்டை மாநிலமான கேரளத்தில், எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் 'ரோஷ்ணி' என்ற திட்டம் தொடங்கியது. பிள்ளைகளின் மொழி அறிந்த துணை ஆசிரியர்கள் அந்த மொழி வழியாகவே மலையாளம் சொல்லித் தந்தார்கள். சுவீடன் நாடு 1977லேயே குடியேறிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் அவரவர் வீட்டு மொழியைக் கற்பிக்கச் சட்டம் செய்தது. அயல்நாடுகளில் நம் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குப் போவதைக் கேட்டு மகிழும் நாம், இங்குள்ள ஒடியாப் பிள்ளை ஒடியாவை மறந்தால் என்ன என்று கேட்பது நியாயமன்று. ஆலை மிகுந்த நமது பகுதிக்கும் இத்தகைய துணை ஆசிரியர்கள் வேண்டும். அவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அத்தொழிலாளர் குடும்பங்களிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் இருப்பார்கள்.

கடைசியாக, நாட்காட்டியையும் கவனிக்க வேண்டும். தீபாவளி கழிந்த ஆறாம் நாள் பீகார் மக்களுக்குச் சாத் பண்டிகை. போக வர ரயிலிலேயே பல நாள் ஆகும். பிள்ளைகளும் பல வாரம் பள்ளிக்கு வருவதில்லை. திரும்பி வரும்போது அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும். அந்தப் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடாமல் வைத்திருந்து, வந்தபின் விட்ட பாடங்களை மாலையில் இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தால் போதும், பிள்ளை நின்றுவிடாது.