ஓக்லாந்து போகுமுன்

ஃப்ரீமாண்ட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுகிறேன். வருகிற வியாழக்கிழமை உனக்கு ரியல் எஸ்டேட் லைசென்ஸ் தேர்வு என்று தம்பி போனில் சொன்னான். நீயே சொல்லியிருக்கலாம். சரி, பயம் இருந்தால் சொல்லத் தோன்றாது. நானும் இந்தத் தேர்வை எழுதப் போனபோது யாரிடமும் சொல்லவில்லை. முதல் தடவை போய்த் தோற்றுவிட்டு வந்து, கடைக்குப் போயிருந்தேன் என்று உன் மாமாவிடம் பொய் சொன்னேன். போனில் பேசினால் 'சரி அத்தை, சரி அத்தை' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் ஏன் தோற்றேன் என்பதை இதுவரை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. படிக்காமல் தோற்கவில்லை. தெரியும் என்று நினைத்துத் தோற்றேன். கும்பகோணத்தில் தாத்தா பத்திரம் எழுதுகிறவர். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம், செக்குபந்தி எல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகவே எனக்குப் பழக்கம். நிலம் என்றால் நமக்கா சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு. கணக்கில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள் என்று நம்பி, இரவெல்லாம் வட்டிக் கணக்கும் பரப்பளவும் போட்டுக்கொண்டிருந்தேன்.

தோற்றவர்களுக்கு மொத்த மார்க்கோடு, ஏழு பாடங்களில் எதில் எத்தனை சதவீதம் என்பதும் தருவார்கள். நான் கவிழ்ந்தது கணக்கில் இல்லை. தொழில் நடைமுறையும் குறைகளை வெளிப்படுத்துவதும் பற்றிய பகுதியில். சேல்ஸ்பர்சன் தேர்வில் அதுதான் பெரிய பங்கு, 25 சதவீதம். அடுத்தது ஏஜென்சி, 17 சதவீதம். கடன் பற்றிய பகுதி வெறும் 9. நான் கிழக்கே போக வேண்டிய நேரத்தில் மேற்கே நடந்திருக்கிறேன்.

ஊரில் வீடு விற்கிறவன் கூரை ஒழுகுவதைச் சொல்வானா? கேட்டால் சொல்வான், அதுவும் பாதி. பார்த்து வாங்குவது வாங்குகிறவன் பாடு என்பதுதான் நமக்குப் பழகிய நியாயம். கலிபோர்னியாச் சட்டம் அதற்கு நேர்மாறு. ஈஸ்டன் வழக்கைப் புத்தகத்தில் ஒரு வரியில் முடித்திருப்பார்கள், நீ அதைக் கதையாகவே மனத்தில் வைத்துக்கொள். 1976-ல் டயாப்லோ என்ற ஊரில் ஒரு பெண்மணி வீடு வாங்கினார். மண் கொட்டி நிரப்பிய இடத்தில் கட்டிய வீடு. முன்பே சரிவு ஏற்பட்டிருந்தது. விற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. சரிவில் வலை போட்டிருந்ததும் தரை சாய்ந்திருந்ததும் தரகர்கள் தரப்பில் தெரிந்தே இருந்தன. ஆனால் மண்ணைச் சோதிக்கச் சொல்லவில்லை. வாங்கிய பிறகு மறுபடி மண் சரிந்தது. வழக்கு நடந்து, 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடிய குறையைத் தேடிப் பார்ப்பதும் தரகரின் கடமை. அடுத்த ஆண்டே அதைச் சட்டமாக்கினார்கள். 'எனக்குத் தெரியாது' என்பது இங்கே தப்பிக்க வழி ஆகாது. இது மனத்தில் ஊறிவிட்டால் அந்த 25 சதவீதத்தில் பாதி தானாக வந்துவிடும்.

இன்னொன்று. வீடு பார்க்க வரும் நம்மவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி, இந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா என்பது. மூன்று ஆண்டுக்கு முந்தைய மரணத்தைத் தரகர் தானாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிறவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் சட்டம். ஒரு பாதியை மட்டும் படித்துவிட்டுப் போகாதே.

அதேபோல், 'நம்ம ஆளுங்க இருக்கிற ஏரியாவா காட்டுங்க' என்பார்கள். ஊரில் இது சாதாரணப் பேச்சு. சொல்லாவிட்டால்தான் தரகர் மேல் சந்தேகம் வரும். இங்கே இனம், மதம், பிறந்த நாடு பார்த்து ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போவது 1968 கூட்டாட்சிச் சட்டத்துக்கும் 1959 அன்ரூ சட்டத்துக்கும் விரோதம். வாடிக்கையாளரே கேட்டார் என்பது சமாதானம் ஆகாது. கேள்வியைப் படிக்கும்போது உனக்குள் இருக்கும் ஊர்ப் பெண் ஒரு விடையைக் காட்டுவாள். அவளைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்.

ஒரேயடியாக அவளை விரட்டவும் வேண்டாம், சில இடத்தில் உதவுவாள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று தாத்தா மடியில் உட்கார்ந்தே சொல்வாயே, அதை நூறால் பெருக்கு. 43,560. அதுதான் ஏக்கர், என்னோடு படித்த அமெரிக்கர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்யத் திணறினார்கள். ஒரு செக்ஷன் 640 ஏக்கர், டவுன்ஷிப்புக்கு 36 செக்ஷன். கால் பாகத்தில் கால் பாகம் என்று கேட்டால் 640-ஐ நான்கால் இரண்டு தடவை வகு, 40. டிரஸ்ட் டீடில் டிரஸ்டர், டிரஸ்டி, பெனிஃபிஷியரி என்று மூன்று பேர் வந்து குழப்புவார்கள். நம் அடமானத்தில் இரண்டு பேர்தானே. கோயில் டிரஸ்டியை நினைத்துக்கொள்: சொத்து அவர் பொறுப்பில் இருக்கும், ஆனால் அவருக்குச் சொந்தமில்லை. நடுவில் நிற்கிறவர் டிரஸ்டி. கடன் வாங்கியவர் டிரஸ்டர், கடன் கொடுத்தவர் பெனிஃபிஷியரி.

நான் எழுதிய தேர்வில் இந்தக் கேள்வி வந்தது, அந்தக் கேள்வி வந்தது என்று சொல்வேன் என எதிர்பார்க்காதே. அது தண்டனைக்குரியது. அப்படிச் சொல்லித் தருகிற வாட்ஸ்அப் குழு ஏதாவது இருந்தால் இன்றைக்கே வெளியே வந்துவிடு.

150 கேள்வி, மூன்று மணி நேரம். ஒன்றுக்கு 72 விநாடி வருகிறது. எழுபது சதவீதம் வேண்டும், அதாவது 105 சரியாக இருந்தால் போதும், 45 போகலாம். நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது, தெரியாததைத் தொடாதே, மைனஸ் மார்க் என்று உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பார்கள். அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. இங்கே மைனஸ் இல்லை. விட்ட கேள்வி தவறான கேள்விதான். எதையாவது குறித்துவிட்டே எழுந்திரு. 'இவற்றில் எது அல்ல', 'இதைத் தவிர' என்று வரும் கேள்விகளை மட்டும் இரண்டு தடவை படி.

அடையாள அட்டையை இன்றிரவே எடுத்துப் பார். நம்மவர்களுக்கு இனிஷியல் ஒரு தீராத வம்பு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு இடத்தில், டிரைவிங் லைசென்ஸில் வேறு இடத்தில் என்று இருக்கும். விண்ணப்பத்தில் எந்தப் பெயர் கொடுத்தாயோ அதே பெயர் உள்ள அட்டையைக் கொண்டுபோ. பொருந்தவில்லை என்றால் திங்கள் காலையே ரியல் எஸ்டேட் துறைக்குப் போன் செய், வாசலில் நின்று விளக்கிப் பயனில்லை. 880 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போகாதே. காலை நேரத்தில் அது சாலை இல்லை, நிறுத்துமிடம். பெரியெஸ்ஸாவில் பார்ட் ரயில் ஏறு, நான் ஃப்ரீமாண்டில் ஏறிக்கொள்கிறேன். முந்தைய நாள் ஒரு தடவை ஓக்லாந்து தேர்வு மையம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. காலையில் இரண்டு இட்லி போதும். பொங்கல் வேண்டாம், நெய்யும் மிளகும் இறங்கிய பிறகு எண்பதாவது கேள்வியில் கண் சொக்கும்.

புதன்கிழமை இரவு புதிதாக எதுவும் படிக்காதே. தூங்கு. தோற்றாலும் பாடங்களை மறுபடி படிக்க வேண்டியதில்லை, விண்ணப்பம் போட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் திரும்ப எழுதலாம். நான் அப்படித்தான் பாஸானேன்.

பாஸானவர்களுக்கு இங்கே மார்க் சொல்வதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் உன் அப்பா 'எத்தனை மார்க்' என்றுதான் முதலில் கேட்பான். அப்படி ஒன்று கிடையாது என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நம்பவில்லை.

உன்
அத்தை