பூட்டியது ஆசிரியரின் அலட்சியம் அல்ல

"அரசுப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் கொடுத்து என்ன பயன்? வாத்தியார்கள் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள்." டீக்கடையிலும் இதே பேச்சு, கல்விக் கருத்தரங்கிலும் இதே பேச்சு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பள்ளிகளில் யூ.பி.எஸ்., கணினி பழுதுபார்ப்பது என் தொழில். சொல்கிறேன், இது அபாண்டம்.

அந்த அறைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பேட்டரியின் மிதவை அடியில் கிடக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆளில்லை. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கும். பிளக் பாயிண்டில் ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்பைப் பிடித்தால் எரியாது, எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சி.பி.யூ. பெட்டியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறும். அங்கே பிள்ளைகளை உட்கார வைக்கத் துணியாத தலைமையாசிரியரையா திட்டுகிறீர்கள்? சாமான் வந்திறங்கிய அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. ஒரு மவுஸ் காணாமல் போனாலும் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வாரண்டி முடிந்தபின் ரிப்பேருக்கு எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. பூட்டாமல் என்ன செய்வார்? அக்கறையில்லாத ஆசிரியரும் இருக்கலாம். நான் திறந்து பார்த்த அறைகளில் செத்துக் கிடந்தது பேட்டரிதான்.

கேரளத்தில் 2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டம் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளைக் குறிவைத்தது. லேப்டாப்பும் புரொஜெக்டரும் வாங்கும்போதே ஐந்தாண்டு வாரண்டி, காப்பீடு, புகாருக்குக் கால் சென்டர், தாமதித்தால் அபராதம் எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர். அங்கிருப்பவர்களும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தானே!

மற்ற புரளிகளுக்கு இத்தனை நேரம் வேண்டாம். கருவியைக் கையில் கொடுத்தால் பிள்ளை தானே படித்துக்கொள்ளுமாம். பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் இல்லை. இன்டர்நெட் இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்பதும் பொய், கணக்குப் பாடத்துக்கான ஜியோஜீப்ரா மென்பொருள் இணையமில்லாமலே ஓடும். கட்டற்ற மென்பொருள் மட்டமானது என்பவர்கள், கேரளப் பள்ளிகள் பல்லாண்டாக லினக்ஸில் பாடம் நடத்துவதை அறியாதவர்கள்.

மாநிலம் முழுமைக்கும் திட்டம் போடுகிறவர்களே, எத்தனை பள்ளி, எத்தனை பெட்டி என்ற கணக்கோடு பேனாவை மூடாதீர்கள். பேட்டரிக்கு ஆயுள் மூன்று, நான்கு வருடம்தான். மாற்றும் செலவை முதல் வருட பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். ஒன்றியத்துக்கு ஒரு டெக்னீஷியன், அவருக்கு ஒரு வண்டி, கையில் உதிரிபாகம் வேண்டும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள், அவர்களை எடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பள்ளிதோறும் கரியும் உப்பும் போட்டு ஒழுங்கான எர்த் குழி வெட்டுங்கள். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். எர்த் ரீடிங் எடுத்து ஒருவர் கையெழுத்துப் போடும்வரை எந்தப் பள்ளியிலும் ஒரு கம்ப்யூட்டரைக்கூட இறக்கக் கூடாது.