தொண்டின் வழியே குடிமையியல்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். குடிமையியல் பாடத்திற்கு இது மிகவும் பொருந்தும். தொண்டோடு சேர்த்துப் படித்தால் அப்பாடம் எவ்வளவு தெளிவாகிறது என்பதற்கு எங்கள் வட்டாரக் கண்மாய்களே சான்று.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால்தான் நெல் விளையும். ஆனால் தண்ணீர் வரும் வரத்துக்கால்களைச் சீமைக்கருவேல மரங்கள் அடைத்துக்கொள்கின்றன. மாணவியர் நாங்கள் மண்வெட்டியும் கூடையுமாகச் சென்று ஒரு நாள் துப்புரவு செய்யலாம். அது நல்ல தொண்டே. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டதும் இத்தகைய தொண்டிற்காகவே. ஆயினும் சில மாதங்களில் முள் மீண்டும் தழைத்துவிடும். அப்படியானால் கால்வாயைப் பராமரிக்க வேண்டியவர் யார்? இக்கேள்வியில்தான் குடிமையியல் தொடங்குகிறது.

ஆயக்கட்டு 40 ஹெக்டேரோ (சுமார் 100 ஏக்கர்) அதற்கு மேலோ இருந்தால், அக்கண்மாய் நீர்வளத் துறையைச் சேர்ந்தது. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. முற்காலத்தில் ஊரார் கூடிச் செப்பனிட்டதைக் குடிமராமத்து என்றனர். 2017-இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டம் வகுத்து, செலவில் 10 விழுக்காட்டை விவசாயிகளின் பங்காக வைத்தது.

சரி, யாரிடம், எங்கே கேட்பது? அதற்குரிய இடம் கிராம சபை. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் அதற்கு உரிமை அளித்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்களே.

எங்களுக்கு வயது பதினைந்து. வாக்குரிமை பெற இன்னும் மூன்றாண்டுகள் உள்ளன. ஆனால் எங்கள் தாய்மார்கள் உறுப்பினர்கள் அல்லவா? எங்களுள் ஒருத்தி இதைச் சொன்னபோது அவளுடைய தாயார், "ஆம்பளைங்க கூடுற எடத்துல நான் போயி என்னத்தப் பேச?" என்றார்களாம். உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு செய்து 2016-இல் சட்டம் வந்த பிறகும் இந்தத் தயக்கம் நீங்கவில்லை.

இங்கே நாங்கள் செய்யக்கூடிய தொண்டு ஒன்று உண்டு. வரத்துக்கால் நெடுகிலும் நடந்து, அடைப்பு உள்ள இடங்களைத் தாளில் குறித்து, அம்மாவிடம் வாசித்துக் காட்டலாம். அவர்கள் அத்தாளுடன் எழுந்து கேட்டால், கோரிக்கை தீர்மானமாகிப் பதிவேட்டில் ஏறும். பிறகு, "என்ன ஆயிற்று?" என்று அடுத்த சபையில் கேட்கவும் வழியுண்டு.

பெற்றோர்களே, அடுத்த கிராம சபைக்குத் தாய்மார்களும் வர வேண்டுகிறோம். தோழியரே, தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் புறப்படுவோம்!