வினா எழவில்லை

அன்புள்ள தென்பெண்ணைக் கரை நண்பருக்கு,

உங்கள் கடிதம் பௌர்ணமிக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. அன்றைக்குத் திருவண்ணாமலையில் நிம்மதியாக உட்கார்ந்து எதையும் படிக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணா, கொஞ்சம் தண்ணி" என்று கிரிவலக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த்தான் படித்தேன்.

"சட்டசபை கூடினாலே எங்கள் வீட்டில் சேனலை மாற்றிவிடுவோம். கத்துகிறார்கள், வெளிநடப்புச் செய்கிறார்கள், திரும்ப வந்து உட்காருகிறார்கள். மழை வந்தால் எங்கள் ஊர்த் தரைப்பாலம் முழுகுகிறது. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம்.

நீங்கள் பார்க்கும் சட்டசபை பொய்யில்லை. 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பின்போது மைக் உடைந்ததையும் சட்டை கிழிந்ததையும் நானும் பார்த்தேன். 2023 ஜனவரியில் ஆளுநர் ஆர்.என். ரவி உரையின் சில பகுதிகளைப் படிக்காமல் விட, அச்சிட்டுக் கொடுத்த உரையே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் தீர்மானம் கொண்டுவர, நாட்டுப்பண் பாடுமுன் ஆளுநர் எழுந்து போனதையும் பார்த்தேன். இவையெல்லாம் செய்தி. ஆனால் இவற்றை மட்டும் வைத்துச் சட்டசபையை எடைபோடுவது, தேர்த் திருவிழாவில் நடந்த தள்ளுமுள்ளை வைத்துக் கோயிலை எடைபோடுகிற மாதிரி.

2024 டிசம்பரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் மறக்கக்கூடிய மாதமா அது? ஃபெஞ்சல் புயல் மழையில் 1-ஆம் தேதி மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் வ.உ.சி. நகர் வீடொன்றின்மேல் இறங்கி ஏழு பேர் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். மறுநாள் விடியுமுன்னே சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர். அண்ணாமலையைத் தெய்வமாகக் கும்பிடுகிற ஊர், முதல் தடவையாக அதைப் பயத்தோடு அண்ணாந்து பார்த்தது. கார்த்திகைத் தீபத்துக்குப் பன்னிரண்டு நாள்கூட இல்லை.

அந்த மாதம் 9, 10 தேதிகளில் பேரவை கூடியது. இரண்டே நாள் கூட்டம். அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான தீர்மானம் 9-ஆம் தேதி நிறைவேறியது; பத்திரிகைகளின் முதல் பக்கத்தை அது எடுத்துக்கொண்டது, சரிதான். ஆனால் அதே கூட்டத்தில் நம் மாவட்டமும் பேசப்பட்டது. சாத்தனூர் அணையை முன்னறிவிப்பில்லாமல் திறந்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி தரப்பு சொன்னது. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்று அரசுத் தரப்பு சொன்னது. மண் சரிந்த மலையில் தீபம் ஏற்ற முடியுமா என்ற பேச்சு வந்தபோது, தீபம் தடையில்லாமல் ஏற்றப்படும் என்று அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு சொன்னார். நிலவியல் வல்லுநர்கள் மலையேறிப் பார்த்தார்கள். 13-ஆம் தேதி கொப்பரையும் நெய்யும் மேலே போயின, தீபம் எரிந்தது. பக்தர்களை மட்டும் ஏறவிடவில்லை.

"ஐந்து முறை எச்சரிக்கை" என்று ஒருவர் தொலைக்காட்சியில் சொன்னால் அது காற்றோடு போகும். அவையில் சொன்னால் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். பத்து வருஷம் கழித்து இன்னொரு வெள்ளம் வரும்போது யாராவது அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டலாம். அமைச்சர் மாறியிருப்பார், ஆட்சி மாறியிருக்கும். பக்கம் மாறாது. என் வரையில் சட்டசபையின் உபயோகம் பெரும்பாலும் இதுதான்: சொன்னவரால் திரும்ப வாங்க முடியாத இடத்தில் சொல்லவைப்பது.

அகரம்பள்ளிப்பட்டுப் பாலத்தைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்டதைக் கவனித்தேன். சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, 2024 செப்டம்பரில் திறந்து, டிசம்பர் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. விநாடிக்குச் சுமார் 54,000 கன அடி ஓடும் என்று கணக்கிட்டுக் கட்டியது, வந்ததோ மூன்று மடங்குக்கு மேல் என்பது அரசின் விளக்கம். எனக்கு இன்ஜினியரிங் தெரியாது. ஆனால் அந்தக் கணக்கை எந்த வருஷத்து வெள்ளத்தை வைத்துப் போட்டார்கள், அணையின் மதகுகள் எவ்வளவு திறக்கும் என்று பாலம் கட்டியவர்கள் கேட்டார்களா என்ற இரண்டு கேள்வியும் எனக்கே தோன்றும்போது, கோட்டையில் உட்கார்ந்திருக்கிற 234 பேரில் ஒருவருக்குத் தோன்றாமலா இருக்கும்? தோன்றினால் மட்டும் போதாது, எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

எழுதிக் கொடுப்பது என்றால் என்ன என்று சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒருநாள் சென்னைக் கோட்டையில் பார்வையாளர் மாடத்தில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. செல்போனைக் கீழேயே வாங்கிக்கொண்டார்கள். நான் கால்மேல் கால் போட்டதும் காவலர் ஒருவர் விரலை மட்டும் அசைத்தார், இறக்கிவிட்டேன். பேரவைத் தலைவர் ஒரு குறளும் பொருளும் சொல்லித் தொடங்கினார். பிறகு வினா நேரம்.

வினா என்பது நினைத்தபோது எழுந்து கேட்பதல்ல. முன்கூட்டியே எழுத்தில் போக வேண்டும். "இன்ன ஊரில் உயர்மட்டப் பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?" என்பது முதல் பிரிவு. "ஆம் எனில், எப்போது?" இரண்டாவது. "இல்லையெனில், காரணம் என்ன?" மூன்றாவது. அன்றைக்கு எழுந்த உறுப்பினர் தெற்கத்திக்காரர். மூல வினாவுக்கு அமைச்சர் தாளைப் பார்த்து இரண்டு வரி படித்தார். துணை வினாவுக்கு எழுந்த உறுப்பினர் தலைவருக்கு நன்றி, தளபதிக்கு நன்றி, தொகுதி மக்களுக்கு நன்றி என்று போய்க்கொண்டே இருந்தார். "கேள்விக்கு வாங்க" என்றார் பேரவைத் தலைவர். சிரிப்பு. நடுமேசையில் சுருக்கெழுத்தர் மட்டும் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் இன்னொருவர் வந்து உட்கார, இவர் நோட்டோடு எழுந்து போனார். கடைசியில் உறுப்பினர் கேட்டதே ஒரு வரிதான்: "அந்தப் பாலத்துக்கு மண் பரிசோதனை முடிஞ்சிருச்சா, இல்லையா?" அமைச்சர் அதிகாரிகள் பக்கம் பார்த்தார். ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "முடிந்துவிட்டது" என்றார். அவ்வளவுதான். பாலம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் "முடிந்துவிட்டது" என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அந்த உறுப்பினர் மறுநாளே நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் போய் உட்கார்ந்திருப்பார். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

பதில்களின் தமிழ் ஒரு தனி ரகம். பழகிக்கொள்ளுங்கள். "திட்ட அறிக்கை தயாரிக்கப்பட்டு வருகிறது" என்றால் கோப்பு பிறந்துவிட்டது. "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்றால் கோப்பு எங்கோ தூங்குகிறது. "நிதிநிலைமைக்கேற்ப" என்றால் இந்த வருஷம் இல்லை. எனக்குப் பிடித்தது "வினா எழவில்லை". முதல் பிரிவுக்கு "இல்லை" என்று பதில் வந்துவிட்டால், "எப்போது?" என்ற அடுத்த பிரிவுக்கு அப்படித்தான் பதில் எழுதுவார்கள். இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிற அப்பாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், வினா எழவில்லை என்று.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு விசித்திரமான சிக்கல் இருந்தது. அமைச்சர்கள் பதில் சொல்பவர்கள். அவர்கள் அவையில் வினா கொடுப்பதில்லை. 2021-ல் அமைந்த 16-ஆவது பேரவையில் திருவண்ணாமலைத் தொகுதி உறுப்பினர் எ.வ. வேலு பொதுப்பணி, நெடுஞ்சாலைத் துறை அமைச்சராக இருந்தார். அடுத்திருக்கும் கீழ்பென்னாத்தூரின் கு. பிச்சாண்டி பேரவைத் துணைத் தலைவராக இருந்தார். தலைவர் இருக்கையில் அமர்ந்திருந்த நேரத்தில் அவரும் கேட்க முடியாது. ஊருக்கு இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். சாலை வந்தது, 2024-ல் மாநகராட்சி ஆனது. அமைச்சர் தொகுதியில் வேலை கோப்பில் நடக்கும், குரலில் நடக்காது. ஆனால் அந்த ஐந்து வருஷக் குறிப்பைப் பின்னால் ஒருவர் எடுத்துப் படித்தால், திருவண்ணாமலைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். டீக்கடையில் இதைச் சொன்னேன். "அமைச்சர் தொகுதிக்காரனுக்கு இதுவும் ஒரு குறையா?" என்று கேட்டார் மாஸ்டர். பதில் சொல்லவில்லை.

குறிப்பில் ஏறுவதன் அருமைக்குப் பழைய கதை ஒன்று. 1957 தேர்தலில் தி.மு.க. முதல்முறை நின்று 15 பேர் சட்டசபைக்குப் போனார்கள். அவர்களில் ப.உ. சண்முகம் நம் திருவண்ணாமலையிலிருந்து போனவர். அதே தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த இரண்டே நாடாளுமன்ற இடங்களில் ஒன்றும் திருவண்ணாமலைதான். குளித்தலையிலிருந்து போன மு. கருணாநிதி சபையில் எடுத்த முதல் பிரச்சினை நங்கவரம் விவசாயிகளுடையது. ஒரே ஒரு ஊரின் குத்தகைத் தகராறு! மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கும் தீர்மானமும் அந்த வருஷமே வந்தது. ஆதரவு 42, எதிர்ப்பு 127. தோற்றது. தோற்றதும் குறிப்பில் ஏறியது. 1967 ஜூலை 18-ஆம் தேதி அதே பெயர் ஒருமனதாக நிறைவேறியது. பதினைந்து பேர் கட்சிக்கு நாற்பத்திரண்டு ஓட்டு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தால், சத்தம் போட்டவர்களைவிடச் சும்மா கை தூக்கிய மற்ற கட்சிக்காரர்கள்மேல்தான் எனக்கு மரியாதை வருகிறது.

பட்ஜெட் கூட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துறை துறையாக மானியக் கோரிக்கை வரும், கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு தடிமனான புத்தகம் தருவார்கள். எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கும். பல சமயம் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி. நூறு ரூபாயால் யாரும் ஏழையாவதில்லை. அதைச் சாக்கிட்டுப் பேச நேரம் கிடைக்கும். விவாத முடிவில் அமைச்சர் அறிவிப்புகளைப் படிப்பார், மேசை தட்டுவார்கள். 110-ஆவது விதியின்கீழ் அறிக்கை வந்தால் அதன்மேல் விவாதமே கிடையாது. இந்தத் தட்டல் சத்தத்தில் நான் அவ்வளவாக ஈடுபடுவதில்லை. எனக்குப் பிடித்தது, யாரும் படம் பிடிக்காத அரசு உறுதிமொழிக் குழு. அமைச்சர்கள் அவையில் "செய்கிறோம்" என்று சொன்னதையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டு, "செய்தீர்களா?" என்று துறைகளைக் கேட்பதுதான் அதன் வேலை. வீட்டில் பாட்டிகள் செய்கிற வேலை.

இப்போது உங்கள் பாலம். உங்கள் உறுப்பினர் அமைச்சராக இல்லையென்றால் முதலில் அவரைப் பிடியுங்கள். "பாலம் வேண்டும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில், எத்தனை குடும்பம், 2024-ல் எத்தனை நாள் போக்குவரத்து நின்றது, பிள்ளைகள் எத்தனை கிலோமீட்டர் சுற்றிப் போனார்கள் என்று எழுதுங்கள். அதை அப்படியே வினாவாக்க அவருக்குப் பத்து நிமிஷம் போதும்.

இன்னொரு வழி, பேரவையின் மனுக்கள் குழு. மாவட்டங்களுக்கு வரும், வருமுன் ஆட்சியர் அலுவலகம் மூலமாக அறிவிப்பு வரும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினைதான். பாலத்தோடு உங்கள் சித்தப்பாவின் பட்டாவையும் சேர்த்து எழுதினால் இரண்டும் போய்விடும். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். முகவரி: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை-9. ஊராரிடம் கையெழுத்து வாங்கும்போது பெண்களிடமும் வாங்குங்கள். ஆற்றைக் கடந்து ரேஷன் கடைக்குப் போகிறவர்கள் அவர்கள்தான்.

மனுவை ஐந்து நகல் கேட்பது வழக்கம். தண்டராம்பட்டு வரும்போது ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது ஒன்றும் எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
திருவண்ணாமலையிலிருந்து