பகுதிச் சந்திரகிரகணமும் 18 ஆண்டு வட்டமும்

பூமியின் கருநிழலிற் சந்திரன் முற்றாக அமிழ்ந்தால் அது பூரண கிரகணம். ஒரு பாகம் மாத்திரம் அமிழ்ந்தால் அது பகுதிக் கிரகணம். சந்திரன் செல்லும் பாதை சூரியவீதிக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருத்தலாற் பூரணைதோறும் கிரகணம் நிகழ்வதில்லை. அவ்விரு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களே நம் முன்னோர் கூறிய இராகுவும் கேதுவுமாம். பூரணைச் சந்திரன் அவற்றுளொன்றை அணுகி நின்றாற்றான் கிரகணமுண்டு.

223 பூரணைகள் கழிய 6585 நாளும் ஏறக்குறைய 8 மணியும் செல்லும். அஃதாவது 18 ஆண்டும் 11 நாளுமாம். அக்காலத்துட் சந்திரன் கேதுவை 242 முறை அடைதலால், முன்னைய நிலை பெரும்பாலும் மீள்கின்றது. பாபிலோனியர் இவ்வட்டத்தைப் பண்டே அறிந்திருந்தனர். இதற்குச் 'சாரோசு' என்னும் பெயரை 1691 இல் வழங்கியவர் எட்மண்ட் ஹலி என்பார்.

'பெரும்பாலும்' என்றோம். அதே கிரகணம் மாற்றமின்றித் திரும்பி வருமென்று கருதுவோர் இச்சொல்லை நோக்குவாராக. 242 சுற்றுக்களும் நிறைவெய்த இன்னும் ஏறத்தாழ 50 நிமிடம் வேண்டும். ஆதலின் ஒவ்வொரு வட்டத்திலும் பூரணைச் சந்திரன் கேதுவுக்கு அரைப்பாகையளவு பிந்தியே நிற்கின்றது.

இதன் விளைவை ஒரு கிரகணத் தொடரிற் காண்போம். 1927 யூன் 15 இல் நிகழ்ந்தது பூரண கிரகணம்; ஆயினும் சந்திரன் நிழலுள் மட்டுமட்டாகவே அடங்கிற்று. அதன்பின் சந்திரன் நிழலின் வடபால் விலகத் தொடங்கியது. 1945 யூன் 25 இல் விட்டத்திற் பெரும்பங்கு மறைந்தது; 1963 யூலை 6 இற் பத்தில் ஏழு பங்கு; 1981 யூலை 17 இற் பாதிக்குச் சற்று மேல்; 1999 யூலை 28 இற் பத்தில் நான்கு; 2017 ஓகஸ்ட் 7 இற் காற்பங்கே.

1981, 1999 ஆம் ஆண்டுக் கிரகணங்கள் எமக்குப் பகலில் நிகழ்ந்தமையால் ஈழத்தில் எவரும் கண்டிலர். எஞ்சி நிற்கும் அந்த 8 மணியே இதற்குக் காரணம். அதற்குட் பூமி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சுழன்றுவிடுவதால், அடுத்த கிரகணம் வேறு தேசத்தார்க்கே உரியதாகின்றது. (சந்திரனின் வேகம் ஒரு சீராக இராமையால் அவ்வெட்டு மணியும் கூடிக் குறையும்.) மூன்று வட்டங்கள், அதாவது 54 ஆண்டும் ஒரு மாதமும் கழிய, கிரகணம் மீண்டும் நம் பக்கம் வரும். 1963 இல் விடியற்காலம் விழித்திருந்து கண்ட பழைய மாணவர், 2017 இல் நள்ளிரவையொட்டி அத்தொடரையே மறுமுறை கண்டிருத்தல் கூடும்.

2035 ஓகஸ்ட் 19 இற் பத்திலொரு பங்கே மறையும். அப்போதும் எமக்குச் சந்திரன் அத்தமித்திருக்கும். 2053 ஓகஸ்ட் 29 இற் சந்திரன் கருநிழலைத் தீண்டாது, புறநிழலூடு மாத்திரம் கடந்து சென்றுவிடும்.